ஊறப் போட்ட சொல்

அந்த வசனத்தில் மொத்தம் இரண்டே சொற்கள். ஒரு ஆங்கிலத் தொடரின் ஐந்தாவது பாகம்; இரவு இரண்டு மணிக்கு நடக்கும் காட்சி. சமையலறையில் விளக்கு போடவில்லை. திறந்து கிடக்கும் ஃபிரிட்ஜின் வெளிச்சத்தில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் காலி டப்பாக்கள், பிரித்துப் போட்ட பிஸ்கட் உறைகள், கடித்து வைத்த ரொட்டி. சத்தம் கேட்டு எழுந்து வந்த அக்கா நிலைப்படியிலேயே நின்றுவிடுகிறாள். தங்கை தலையைத் தூக்காமல் சொல்கிறாள்: "ஐ பிஞ்ச்ட்."

நான் சப்டைட்டில் எழுதுகிறவள். பதினோரு வருடமாக வீட்டிலிருந்தே இந்த வேலை. ஒரு வரிக்கு 42 எழுத்துக்குறி, திரையில் ஒரே நேரத்தில் இரண்டு வரி, அதற்கு மேல் கிடையாது. இந்த வசனம் திரையில் நிற்பது ஒன்றரை நொடி. அதற்குள் பார்ப்பவர் படித்து முடித்து அந்தப் பெண்ணின் முகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். "மூக்கு முட்டத் தின்னுட்டேன்" என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்துவிட்டது. சரிபார்க்கும் அம்மா ஓரத்தில் ஒரு குறிப்பு வைத்திருந்தார்: "கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வருகிறவள் பேசுகிற மாதிரி இருக்கிறது. இவள் அழுகிறாள், பாருங்கள்."

அவர் சொன்னது நியாயம். மூக்கு முட்டச் சாப்பிடுவதில் ஒரு நிறைவு இருக்கிறது. எதிரில் இலை இருக்கிறது, "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தும் ஒரு கை இருக்கிறது. அந்தச் சமையலறையில் பரிமாற ஆளில்லை. அவள் எதையும் ருசித்துத் தின்னவும் இல்லை. 'வயிறு வெடிக்க', 'வெளுத்துக் கட்டினேன்', 'ஒரு பிடி பிடித்தேன்' என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாமே விருந்துச் சொற்கள். சரி, ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போடலாம் என்றால் அதிலும் சிக்கல். 'பிஞ்ச்' என்று எழுதினால் கண் அதை 'பிஞ்சு' என்றுதான் படிக்கும். வெண்டைப் பிஞ்சு நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் செருப்பு பிஞ்சு போனது நினைவுக்கு வரும். ஒன்றரை நொடியில் வாசகரை இப்படி அலைய விட முடியாது.

அப்படித்தான் அந்தச் சொல்லின் பின்னால் போனேன். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் தினமும் புழங்குகிற சொல் அது. "நேத்து ராத்திரி பூரா பிஞ்ச் வாட்ச் பண்ணேன்" என்கிறார்கள். ஒரு தொடரின் பத்துப் பாகத்தையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்தால் அது பிஞ்ச். ஒரே இருப்பில் அளவு மீறிக் குடித்தால் அது பிஞ்ச். நிறுத்த முடியாமல் தின்றுகொண்டே இருந்தாலும் பிஞ்ச்தான். அளவு மீறுவதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் வினைச்சொற்களில் இன்று அதிகம் உழைப்பது இதுவாகத்தான் இருக்கும்.

இந்தச் சொல் லண்டனில் பிறந்தது இல்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நார்த்தாம்ப்டன்ஷயர், அதற்கு வடகிழக்கே லிங்கன்ஷயர் என்று இரண்டு மாவட்டங்கள். இரண்டுமே விவசாயப் பூமி. அங்கே வேலை செய்த ஜனங்களின் வட்டார வழக்கில் 'பிஞ்ச்' என்றால் மரப்பாத்திரத்தைத் தண்ணீரில் ஊறப் போடுவது. அவ்வளவுதான் அதன் பொருள். குடியும் கிடையாது, தீனியும் கிடையாது.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் அந்த வேலையை நான் பார்த்திருக்கிறேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவிடம் ஒரு மாட்டு வண்டி இருந்தது. சித்திரை வெயிலில் ஆறு காய்ந்து மணலாகக் கிடக்கும். வண்டிச் சக்கரமும் காயும். நாட்டுக் கருவேல மரத்தில் செய்த சக்கரம் அது. நடுவில் குடம், குடத்திலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வளைவு வளைவாக வட்டைத் துண்டுகள், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தபடி வெளியே இரும்புப் பட்டை. கொல்லுப்பட்டறையில் வறட்டி அடுக்கித் தீ மூட்டி, பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிர்ந்ததும் அது சுருங்கிக் கவ்விக்கொள்ளும். ஆனால் கோடை வந்ததும் உள்ளே இருக்கும் மரம் சுருங்கிவிடும். மரம் சுருங்கினால் இரும்பு தளரும். வண்டி வரும்போதே சத்தம் காட்டிக் கொடுக்கும்: ஆரக்கால் குடத்துக்குள் ஆடுகிற லொடக் லொடக். "சக்கரம் அழுவுது" என்பார் அப்பா.

உடனே கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தைக் கழற்றி, தெருவோடு உருட்டிக்கொண்டு போய்க் குளத்தில் தள்ளுவார். நானும் அக்காவும் கூடவே ஓடுவோம். குளத்தில் இருக்கிற இடுப்பளவு தண்ணீரில் சக்கரம் படுத்துக் கிடக்கும். முதலில் அதன் இடுக்குகளிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக மேலே வரும். அதைப் பார்க்கத்தான் நாங்கள் போவது. காற்று போகிறது, தண்ணீர் நுழைகிறது. இரண்டு ராத்திரி கழித்துப் போய் எடுத்தால் சக்கரம் கனத்துப்போயிருக்கும். பட்டையைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார். காய்ந்திருந்தபோது சத்தென்று கேட்ட சத்தம் இப்போது ணங்கென்று கேட்கும். அதற்குமேல் ஒரு நாள் கூடப் போட மாட்டார். "அதுக்கு மேல மரம் தண்ணியக் கேக்காது" என்பார்.

அவர் சொன்னது மரவியலில் அப்படியே இருக்கிறது. மர இழைகளின் சுவர்களுக்குள் நீர் ஏற ஏற மரம் அகலவாட்டில் உப்பும். நீளவாட்டில் அநேகமாக அசையாது. அதனால்தான் ஆரக்கால் நீளத்தில் அப்படியே நிற்க, வட்டையும் குடமும் மட்டும் சுருங்கியும் விரிந்தும் விளையாடுகின்றன. மரத்தின் உலர்ந்த எடையில் சுமார் 30 சதவீதம் அளவுக்கு நீர் ஏறியதும் இழைச் சுவர்கள் நிறைந்துவிடும். அதன் பிறகு எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தாலும் மரம் மேற்கொண்டு உப்பாது. இதை இழை நிறைவுப் புள்ளி என்கிறார்கள்.

இங்கிலாந்து விவசாயி வீட்டில் இருந்தது சக்கரம் மட்டும் இல்லை. பால் வாளி, வெண்ணெய் கடையும் தொட்டி, துணி துவைக்கும் தொட்டி, பீர் ஊற்றி வைக்கும் பீப்பாய் என்று எல்லாமே மரம். ஒரு பீப்பாயில் ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. விளிம்பைச் சாய்வாகச் சீவிய பலகைகளை நெருக்கி நிறுத்தி, மேலே இரும்பு வளையம் போட்டு இறுக்கியிருப்பார்கள். நீர் ஒழுகாமல் காப்பது மரத்தின் உப்பல் ஒன்றுதான். பாத்திரம் சும்மா கிடந்து காய்ந்தால் ஒவ்வொரு பலகையும் மயிரிழை மயிரிழையாகச் சுருங்கும். இடுக்கு வழியாக வெளிச்சம் தெரியும். அதில் பாலை ஊற்றினால் பால் தரையோடு போகும். அதனால் பயன்படுத்துவதற்கு முன்னால் தண்ணீர் நிரப்பி, அல்லது தண்ணீரில் அமிழ்த்தி, ஊறப் போடுவார்கள். வறண்டு வாய் பிளந்த பாத்திரத்தை மறுபடி பாத்திரமாக்குகிற காரியம். அதற்குத்தான் 'பிஞ்ச்' என்று பெயர்.

அந்தச் சொல் காற்றோடு போகாமல் நம் கைக்கு வந்ததற்கு ஒரு பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆன் எலிசபெத் பேக்கர். நார்த்தாம்ப்டனில் 1786ல் பிறந்தவர். அவருடைய அண்ணன் ஜார்ஜ் பேக்கர் தங்கள் மாவட்டத்தின் வரலாற்றை எழுதுவதற்காக ஊர் ஊராக அலைந்தார். தங்கையும் கூடவே போனார். அண்ணன் புத்தகத்துக்குப் படங்கள் வரைந்து கொடுத்தார். அண்ணன் பழைய கல்வெட்டையும் கோயிலையும் பார்த்துக்கொண்டிருக்க, தங்கை காதைத் தீட்டிக்கொண்டு பேச்சைக் கேட்டார். அண்ணனின் வரலாறு முடியாமலே நின்றது. 1851ல் அவர் இறந்துபோனார். மூன்று வருடம் கழித்து, 1854ல், தங்கையின் புத்தகம் இரண்டு தொகுதிகளாக வந்தது: நார்த்தாம்ப்டன்ஷயர் சொற்களின் அகராதி. அப்போது அவருக்கு வயது 68ஐ ஒட்டி இருக்கும். கூலி விவசாயியாக இருந்து கவிஞரான ஜான் கிளேரின் வரிகளையும் அவர் சான்றாக எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்த வருடங்களில் கிளேர் அதே நார்த்தாம்ப்டனில் மனநலக் காப்பகத்தில் இருந்தார்.

பேக்கரின் அகராதியில் 'பிஞ்ச்' இருக்கிறது. அதற்கு அவர் காட்டும் உதாரணம், ஒரு மனிதன் சாராயக்கடைக்குப் போய் நன்றாகத் தன்னை 'பிஞ்ச்' செய்துகொள்வது. ஆக 1854க்கு முன்பே இந்தச் சொல் பாத்திரத்தைவிட்டு மனிதன்மேல் ஏறிவிட்டது. அறுப்பு முடிந்து, தொண்டை வறண்டு, தூசி படிந்து வருகிறவன் கடை வாசலில் நின்று "என்னைக் கொஞ்சம் ஊறப் போடு" என்று சொல்வதாக நான் நினைத்துக்கொள்கிறேன். நாள் முழுக்க வெயிலில் கிடந்த வாளியும் அவனும் ஒரே நிலைமையில் இருக்கிறார்கள்.

நம் தமிழும் இதே இடத்துக்குத் தன் வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் ஊரில் ஓயாமல் குடிக்கிறவனை மொடாக்குடியன் என்பார்கள். மிடா என்பது பெரிய மண்பானை. பேச்சில் அது மொடா ஆயிற்று. அவன் குடிப்பது மொடாக் கணக்கில். ஆங்கிலத்திலும் குடிகாரனைப் பாத்திரமாக்கினார்கள், தமிழிலும் பாத்திரமாக்கினார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மொடா என்ற சொல் கொள்ளளவைப் பார்க்கிறது. 'பிஞ்ச்' என்ற சொல் அந்தப் பாத்திரம் காய்ந்து கிடந்த நாளையும் சேர்த்துப் பார்க்கிறது.

இங்கேதான் நான் வெகுநேரம் நின்றேன். அளவு மீறுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு வினைகளும் உண்டு. அவை எல்லாம் பின்பக்கத்திலிருந்து பார்க்கின்றன. 'சர்ஃபிட்' என்று ஒன்று. பிரெஞ்சு வழியாக வந்தது. பிரித்துப் பார்த்தால் 'மேலே செய்', அதாவது மிகையாகச் செய் என்றே பொருள். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி 1135ல் நார்மண்டியில் இறந்ததற்கு விலாங்கு போல நீண்ட லாம்ப்ரே மீனை, வைத்தியர் வேண்டாம் என்று சொன்ன பிறகும், தின்றதுதான் காரணம் என்று அக்கால வரலாற்றாசிரியர் ஹன்டிங்டன் ஹென்றி எழுதி வைத்தார். அந்தச் சாவுக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடப் புத்தகங்களில் ஒட்டிக்கொண்ட சொல் 'சர்ஃபிட்'. 'கிளாய்' என்று இன்னொன்று: இனிப்பு திகட்டுவதற்குச் சொல்வது. அது குதிரைக்கு லாடம் அடிக்கும்போது ஆணி சதையில் இறங்கி, குதிரை நொண்டுவதிலிருந்து பிறந்தது. ஆணி இறங்கிய குதிரை நின்றுவிடும். திகட்டிய வாயும் நின்றுவிடும். இரண்டு துண்டு அல்வாவுக்கு மேல் நம்மால் முடியாமல் போவது அந்த ஆணியால்தான்.

இவற்றைவிட எனக்கு நெருக்கமானது நாம் எல்லோரும் ஒன்றாம் வகுப்பிலேயே படித்த 'சேட்' என்ற சொல். துக்கம் என்று மனப்பாடம் செய்தோம். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் வயிறு நிறைந்தவன். ஜெர்மன் மொழியில் 'சாட்' என்று அதன் உடன்பிறப்பு இன்றும் 'சாப்பிட்டு நிறைந்தாயிற்று' என்ற பொருளிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் நிறைவு மெல்ல மெல்லப் போதும் போதும் என்ற சலிப்பாகி, சலிப்பு பாரமாகி, பாரம் துக்கமாகிவிட்டது. ஒரு சொல்லுக்குள் இத்தனை நடந்திருக்கிறது. அந்தச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தை நினைத்துக்கொண்டு இதைப் படித்தேன்.

முதல் உலகப் போர்க் காலத்தில்தான் 'பிஞ்ச்' இரண்டு மாவட்டங்களைத் தாண்டி எல்லோர் வாய்க்கும் வந்தது. குடியோடு தீனியும் அதற்குள் சேர்ந்துகொண்டது. இந்த நூறு ஆண்டுகளுக்குள் ஊறப் போடுகிற அர்த்தம் மறைந்தேபோய்விட்டது. மரவாளி போய் பிளாஸ்டிக் வாளி வந்த பிறகு அந்த வினைக்கு வேலையும் இல்லை. அளவு கணக்கு மட்டும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் மதுப்பழக்கத்தை ஆராயும் தேசிய நிறுவனம் 2004ல் ஒரு வரையறை வைத்தது: சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் ஆண் ஐந்து அளவு, பெண் நான்கு அளவு மது குடித்தால் அது பிஞ்ச்.

தீனி விஷயத்தில் எண்ணிக்கை மட்டும் போதவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959ல் தன்னிடம் வந்த சிலருடைய பழக்கத்தை விவரித்து இந்தச் சொல்லை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக இடம் பிடிக்க 2013 ஆயிற்று. அந்த வரையறைக்கு இரண்டு கால்கள். ஒன்று, குறுகிய நேரத்தில் மற்றவர்கள் தின்பதைவிட மிக அதிகமாகத் தின்பது. இரண்டு, அந்த நேரத்தில் தன்னை நிறுத்திக்கொள்ள முடியவில்லை என்ற உணர்வு. வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதம் இப்படி நடந்தால் அது நோய். இரண்டாவது காலைப் படித்ததும் என் வசனம் எங்கே தவறியது என்று புரிந்தது. நான் அளவை எழுதியிருந்தேன். அவள் சொன்னது நிறுத்த முடியாமல் போனதை.

இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944 நவம்பரில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு தொடங்கியது. ஐரோப்பாவில் பட்டினியால் சாகிறவர்களை எப்படி மீட்பது என்று அறிய வேண்டியிருந்தது. ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனச்சாட்சிப்படி மறுத்திருந்த இளைஞர்களில் 36 பேர் தாங்களே முன்வந்தார்கள். ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஆய்வை நடத்தினார். 24 வாரம் அரைப் பட்டினி: உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. தட்டை நக்கித் துடைத்தார்கள். அதுவரை அடுப்படிப் பக்கமே போகாத ஆண்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். பட்டினி முடிந்து விருப்பம் போலச் சாப்பிடலாம் என்று விட்டபோது சிலர் ஒரு நாளைக்கு 5,000 கலோரிக்கும் மேலே போனார்கள். வயிறு புடைத்து வலித்த பிறகும் பசி அடங்கவில்லை என்றார்கள். இவர்கள் யாரும் பெருந்தீனிக்காரர்கள் அல்ல. மனம், உடல் இரண்டும் திடமானவர்கள் என்று பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்கள். காய விட்டார்கள்; அவ்வளவுதான் நடந்தது.

நார்த்தாம்ப்டன்ஷயர் வாளிக்கும் மின்னசோட்டா இளைஞனுக்கும் சம்பந்தம் உண்டு என்று எந்த அகராதியும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அகராதி மறந்துவிட்ட பாதியை அந்த 36 பேர் தங்கள் உடம்பால் எழுதிக் காட்டினார்கள். இன்று இந்தத் தீனி நோய்க்குப் பேச்சுவழிச் சிகிச்சை தருகிறவர்கள் நோயாளியிடம் முதலில் கேட்பது என்ன தெரியுமா? மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், நடுவில் சிறு தீனியும் வேண்டும், எதையும் தள்ளிப் போடக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் என்ற மருத்துவர் வகுத்த முறை இது. ராத்திரி அடங்காமல் தின்றவள் அந்தக் குற்றவுணர்வில் மறுநாள் பட்டினி கிடப்பாள். அந்தப் பட்டினி அடுத்த ராத்திரிக்கு வழி செய்யும். இந்தச் சுற்றை முதலில் பட்டினிப் பக்கத்தில்தான் அறுக்க வேண்டும். நம் வீடுகளில் இப்படி ஒரு பெண்ணைப் பார்த்தால் "வாயைக் கட்ட முடியலியா?" என்று கேட்டுவிடுகிறோம். தயவு செய்து கேட்காதீர்கள். ஏற்கெனவே பகலெல்லாம் வாயைக் கட்டித்தான் ராத்திரி இப்படி ஆயிருக்கும். மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாகத் திரை. 1990களிலேயே அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ரசிகர்கள் தங்களுக்குள் 'பிஞ்ச்' என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். 2013 பிப்ரவரி 1ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 பாகங்களையும் ஒரே நாளில் வெளியிட்டது. வாரா வாரம் காத்திருந்த காலம் அத்தோடு மாறியது. 2015ல் காலின்ஸ் அகராதி 'பிஞ்ச் வாட்ச்' என்பதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. என் தொழிலும் அதோடு மாறியது. முன்பு ஒரு பாகத்தை எழுதி முடித்து அடுத்ததற்கு ஒரு வாரம் இருக்கும். இப்போது ஒரு பருவம் முழுவதும் ஒன்றாக வந்து விழுகிறது. ஒரு பாகம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும். அந்த இடைவெளியில் மூச்சு வாங்கக்கூட நேரம் இல்லை. நான் எழுதும் வரிகளை ஊரில் ஒருவர் விடிய விடியப் படிக்கிறார் என்பது தெரியும். முன்பு அது எனக்குப் பெருமையாக இருந்தது. இந்தச் சொல்லைத் தெரிந்துகொண்ட பிறகு, அவர் என்ன காய்ந்து வந்து உட்கார்ந்தாரோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.

இரண்டாம் முறை நான் அனுப்பிய வரி: "நிறுத்தவே முடியல... தின்னுக்கிட்டே இருந்தேன்." ஒன்றரை நொடிக்கு இது நீளம். அக்கா பேசத் தொடங்கும் வரை அரை நொடி இழுத்து வைத்தேன். சரிபார்க்கும் அம்மா அதை ஏற்றுக்கொண்டார். எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கும் தண்ணீர் இதில் இல்லை.

அந்த வேலையை முடித்த மே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா மகள் இரண்டு வருடம் ஒரு விடுதிப் பள்ளியில் இருந்துவிட்டுத் தேர்வு எழுதி முடித்து வந்திருந்தாள். விடுதியில் போன் கிடையாது, டிவி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் அம்மாவோடு பேசலாம். காலை நாலரைக்கு எழுந்தால் இரவு பத்தரை வரை படிப்பு. வந்த அன்றைக்கு அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு உள்அறையில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஒரு கொரியத் தொடர், அது முடிந்ததும் இன்னொன்று. கூப்பிட்டால் "ம்" என்பாள். சாப்பாட்டை அறைக்கே கொண்டுபோய் வைத்தோம். பாதி ஆறிக் கிடந்தது. இரண்டாம் நாள் இரவு அக்கா பொறுக்க முடியாமல் திண்ணைக்கு வந்து அப்பாவிடம் கத்தினாள்.

"ராப்பகலா இதையே பாத்துக்கிட்டுக் கெடக்கா. நீங்க ஒரு வார்த்த கேக்கக் கூடாதாப்பா?"

அப்பாவுக்கு இப்போது 81 வயது. வண்டி போய் முப்பது வருடம் ஆகிறது. ஒரு சக்கரம் மட்டும் கொல்லைச் சுவரில் சாத்திக் கிடக்கிறது. பட்டையை எப்போதோ எடைக்குப் போட்டாயிற்று. நான் இந்தச் சொல்லைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "விடும்மா. புள்ள காஞ்சி வந்துருக்கு. ஊறட்டும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய் அக்கா மகள் படுத்திருந்த அறையில் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் சாயங்காலம் நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கலைந்த தலையோடு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். போன் கையில் இல்லை.

"சித்தி, பசிக்குது" என்றாள்.